சங்க வாசலில் பிறந்த சதவீதம்

1969இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா வட்டாரத்தில் லிஃப்ட் பொருத்தும் தொழிலாளர் சங்கத்தில் 562 உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களில் கறுப்பினத்தவர் உள்ளிட்ட சிறுபான்மையினர் மூன்றே பேர். உயரத்தில் ஏறி இரும்புச் சட்டம் பிணைக்கும் தொழிலாளர் சங்கத்தில் 850க்கு 12. பிளம்பர் சங்கத்தில் 2,335க்கு 12. ஃபிலடெல்ஃபியா நகர மக்களிலோ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். இந்தக் கணக்கைச் சொன்னது ஏதோ போராட்டக் குழுவின் துண்டறிக்கை அல்ல. அமெரிக்கத் தொழிலாளர் துறையே அந்த ஆண்டு வெளியிட்ட ஆணையில் இந்த எண்களை அச்சிட்டிருந்தது.

அந்த ஆணைக்கு ஃபிலடெல்ஃபியா திட்டம் என்று பெயர். வேலைக்கு ஆள் எடுப்பதில் 'இலக்கும் காலக்கெடுவும்' என்று இன்று பல நாடுகளிலும் வாதாடுகிறார்களே, அதற்கு அமெரிக்காவில் வேர் பிடித்த இடம் இதுதான். பல்கலைக்கழகத்து அறிஞர்கள் உட்கார்ந்து யோசித்து உருவாக்கியதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் வாசலில், கதவு திறக்காமல் நின்றவர்களின் கோபத்தில் பிறந்தது. அந்த வாசல் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கினால்தான் கதை விளங்கும்.

கட்டட வேலையில் நிலையான முதலாளி கிடையாது. ஒரு காண்ட்ராக்டருக்கு மூன்று மாதம் நாற்பது எலக்ட்ரீசியன் தேவைப்படுவார்கள். நான்காம் மாதம் நான்கு பேர் போதும். வேலை முடிந்ததும் ஆட்கள் அடுத்த கட்டடத்தைத் தேடிப் போக வேண்டும். இப்படி அலைகிறவர்களை மேஸ்திரியின் தயவில் விட்டால் என்ன நடக்கும் என்பது எல்லா ஊரிலும் தெரிந்த சங்கதி. அவருக்கு வேண்டியவருக்கு வேலை. கூலியில் பங்கு கொடுப்பவருக்கு வேலை. வாய் பேசுகிறவருக்கும் வயதானவருக்கும் கையை விரிப்பார். இதற்கு அமெரிக்கக் கட்டடத் தொழிலாளர்கள் கண்ட மாற்று சங்கக் கூடம். 'ஹயரிங் ஹால்' என்று அங்கே சொல்வார்கள். காண்ட்ராக்டர் சங்க அலுவலகத்துக்கு போன் செய்து, திங்கள்கிழமை காலை எட்டுப் பேர் வேண்டும் என்பார். சங்கத்தில் வேலையில்லாதவர் பட்டியல் இருக்கும். அதில் முன்னால் இருப்பவரைக் கூப்பிட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். சீட்டோடு போனால் வேலை. முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தாலும் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் பொது நிதியில் சேர்ந்துகொண்டே வரும். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

இது பெரிய சாதனை. இதை உருவாக்கியவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. இந்தக் கதையில் அவர்களை வில்லன்களாக்கிவிட்டால் கதையே தப்பாகிவிடும். கூலிக்காரன் தன்மானத்தோடு வேலைக்குப் போக வழி செய்தது அந்தக் கூடம்.

சட்டமும் அதைப் படிப்படியாக ஏற்றுக்கொண்டது. சங்க உறுப்பினரை மட்டுமே வேலைக்கு எடுக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தை 1947இல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் தடை செய்தது. ஆனால் கூடம் நிலைத்தது. உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர் என்று பாராமல் எல்லோரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும், விதிகளை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி வைக்க வேண்டும், அனுப்பிய ஆளை வேண்டாம் என்று சொல்ல முதலாளிக்கு உரிமை வேண்டும் என்றெல்லாம் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 1957இல் நிபந்தனை போட்டது. ஆள் எடுப்பதற்கு முன்பே சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று 1959இல் கட்டுமானத் தொழிலுக்குத் தனிச் சலுகை வந்தது. கூடம் என்பதே சட்ட விரோதம் ஆகாது என்று 1961இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏட்டில் எல்லாம் ஒழுங்கு.

பட்டியலைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். எலக்ட்ரீசியன் சங்கங்களில் வழக்கமாக அது ஒரே பட்டியல் அல்ல. முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு, நான்காம் பிரிவு என்று அடுக்கு. முதல் பிரிவுக்கு வர நான்கு வருடத் தொழில் அனுபவம் வேண்டும். அந்த வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும். சங்கம் நடத்தும் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அண்மைய ஆண்டுகளில் சங்க ஒப்பந்தத்தின் கீழ் வேலை பார்த்திருக்க வேண்டும். முதல் பிரிவு முழுக்க வேலைக்குப் போன பிறகுதான் இரண்டாம் பிரிவின் முறை வரும். எந்த விதியிலும் தோலின் நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் வடக்கு ஃபிலடெல்ஃபியாவின் வீடுகளுக்கு இருபது வருடம் வயரிங் செய்த கறுப்பின எலக்ட்ரீசியன் சங்க ஒப்பந்தத்தின் கீழ் ஒரு நாள்கூட வேலை பார்த்திருக்க மாட்டார். அவருக்கு அந்த வாய்ப்பே தரப்படவில்லை. ஆகவே அவர் இருக்க வேண்டிய இடம் கடைசிப் பிரிவு. கடைசிப் பிரிவு வரை பட்டியல் இறங்கி வருவது அபூர்வம்.

தொழில் பழகும் அப்ரண்டிஸ் வழியிலாவது உள்ளே போகலாமா? அந்த வழியில் தகப்பனும் மாமனும் காவல் நின்றார்கள். நியூ ஆர்லியன்ஸில் ஆஸ்பெஸ்டாஸ் பொதியும் தொழிலாளர் சங்கத்தின் 53ஆம் எண் கிளை, உறுப்பினர்களின் மகன்களையும் நெருங்கிய உறவினரையும் மட்டுமே சேர்த்துக்கொண்டது. அவர்களுக்கும் உறுப்பினர்களின் பரிந்துரை வேண்டும். பிறகு ரகசிய வாக்கெடுப்பில் பெரும்பான்மை கிடைக்க வேண்டும். 1969இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தகர்த்தது. தகப்பன் தன் தொழிலை மகனுக்குச் சொல்லிக் கொடுப்பதில் பாவமில்லை. எல்லாத் தொழிலிலும் நடப்பதுதான். ஆனால் முதல் தலைமுறையில் வெள்ளையர் மட்டுமே இருந்த சங்கத்தில் மகன் மட்டுமே சேரலாம் என்றால், யாரும் யாரையும் வெறுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் பாகுபாடு தானாக நடக்கும். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொருவரும் நல்லவர். கூடத்தில் மட்டும் கறுப்பு முகம் இருக்காது. இந்தக் கதை முழுவதற்கும் சாவி இதில் இருக்கிறது என்பேன்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. அரசு ஒப்பந்தக்காரர்கள் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1961 மார்ச்சில் அதிபர் கென்னடி ஆணையிட்டார். ஆய்வாளர் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய் காண்ட்ராக்டரைக் கேட்பார். சங்கம் யாரை அனுப்புகிறதோ அவரை எடுத்துக்கொள்கிறேன், என் கையில் ஒன்றும் இல்லை என்பார் காண்ட்ராக்டர். சங்கத்தில் கேட்டால், பட்டியல் வரிசைப்படி அனுப்புகிறோம், ஆள் எடுப்பது காண்ட்ராக்டர் என்பார்கள். இரண்டு பதிலும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பொறுப்பேற்க ஆளில்லை.

1963இல் மக்கள் பொறுமை இழந்தார்கள். அந்த மே மாதம் ஃபிலடெல்ஃபியாவின் ஸ்ட்ராபெரி மேன்ஷன் பகுதியில், கறுப்பினக் குடியிருப்புகளுக்கு நடுவே, வரிப் பணத்தில் ஒரு பள்ளிக்கூடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் நுணுக்கத் தொழில்களில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. வழக்கறிஞர் செசில் மூர் தலைமையில் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தினர் வாசலை மறித்தார்கள். தொழிலாளர்களோடும் போலீஸோடும் கைகலப்பு ஆனது. தன் பிள்ளை படிக்கப் போகும் பள்ளிக்குத் தான் செங்கல் எடுத்து வைக்க முடியாதா என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கோடையில் நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனைக் கட்டட வாசலிலும் புரூக்ளினிலும் இதே காட்சி. ஜூன் மாதமே கென்னடி தன் ஆணையை விரித்து, மத்திய அரசின் நிதியுதவி பெறும் கட்டுமானங்களையும் அதற்குள் கொண்டுவந்தார்.

செயின்ட் லூயிஸில் இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் கேட்வே வளைவுக்கும் இதில் பங்குண்டு. 1964 ஜூலை 14 அன்று பெர்சி கிரீன் என்ற கறுப்பின இளைஞரும் ரிச்சர்ட் டேலி என்ற வெள்ளையின நண்பரும் கட்டி முடிக்கப்படாத அந்த வளைவின் ஒரு காலில் 125 அடி உயரம் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அரசுப் பணத்தில் கட்டும் சின்னத்தில் கறுப்பினக் கைவினைஞருக்கு வேலை எங்கே என்பது அவர்கள் கேள்வி. 1966 ஜனவரியில் அங்கே ஒரு காண்ட்ராக்டர் வேறொரு சங்கத்தைச் சேர்ந்த கறுப்பின பிளம்பர்களை எடுத்தபோது, மற்றத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ், ஒரு தொழிலையே ஊடுருவிய பாகுபாடு என்று சொல்லி மத்திய நீதித் துறை தொடுத்த முதல் வழக்கு இதிலிருந்து வந்தது.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் சந்தைக் கட்டடத்தில் 1964இல் நடந்ததும் இதே போலத்தான். சங்கத்தில் சேராத சிறுபான்மை பிளம்பர்கள் நான்கு பேர் வந்ததும் 2ஆம் எண் கிளையினர் வெளிநடப்புச் செய்தார்கள். பிளம்பராகத் தொழில் தொடங்கி, அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஜார்ஜ் மீனியின் சொந்தக் கிளை அது. மீனி கிளையினர் பக்கம் நின்றார். குடிமை உரிமைச் சட்டத்துக்காக வாஷிங்டனில் பாடுபட்ட அதே மீனி.

1965 செப்டம்பரில் அதிபர் ஜான்சன் 11246ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். பாகுபாடு காட்டாமல் இருந்தால் மட்டும் போதாது, எல்லா இனத்தவரும் வேலைக்கு வருவதற்கு ஒப்பந்தக்காரர் முனைந்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது அது. எவ்வளவு முனைய வேண்டும், முனைந்தாரா என்று எப்படி அளப்பது? ஆணையில் அதற்கு அளவுகோல் இல்லை. கிளீவ்லாந்தில் 1967இல் அதிகாரிகள் ஒரு வழி கண்டார்கள். டெண்டரில் குறைந்த விலை சொன்னவரைக் கூப்பிட்டு, எந்தத் தொழிலில் எத்தனை சிறுபான்மையினரை எடுப்பாய் என்று அட்டவணை எழுதி வாங்கினார்கள். அட்டவணை வந்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்து. அதே ஆண்டின் இறுதியில் ஃபிலடெல்ஃபியாவின் மத்திய அரசு அதிகாரிகளும் இதைப் பின்பற்றினார்கள். ஃபிலடெல்ஃபியா திட்டம் என்ற பெயர் முதலில் அப்போது வந்தது.

அதற்கு ஆயுள் ஒரு வருடம். நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் எல்மர் ஸ்டாட்ஸ் 1968 நவம்பரில் அதை நிறுத்தினார். டெண்டர் போடும்போது சொல்லாத நிபந்தனையை டெண்டர் திறந்த பிறகு சுமத்துவது ஏலத்தின் நியாயத்துக்கு ஒவ்வாது என்றார் அவர். சரியான வாதம். அடுத்து வந்தவர்கள் அதை மதித்து, எண்ணை முன்கூட்டியே டெண்டர் அறிவிப்பில் எழுதிவிட்டார்கள்.

அடுத்து வந்தவர் ஆர்தர் ஃப்ளெச்சர். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டவர், கொஞ்ச காலம் தொழில்முறை ஃபுட்பால் ஆடியவர், வாஷிங்டன் மாநிலத்தின் பாஸ்கோ என்ற சிற்றூரில் கறுப்பினத்தவருக்கான சுய உதவிக் கூட்டுறவை நடத்தியவர். குடியரசுக் கட்சிக்காரர். 1969இல் அதிபர் நிக்சன் அவரைத் தொழிலாளர் துறையின் துணைச் செயலர்களில் ஒருவராக்கினார். துறைச் செயலர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ். ஃப்ளெச்சர் ஃபிலடெல்ஃபியாவுக்கே போய், ஜூன் 27 அன்று ஆணையை வெளியிட்டார்.

ஆணைக்கு உட்பட்டவை ஐந்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட மத்திய அரசுக் கட்டுமானங்கள். அதன் எல்லை ஃபிலடெல்ஃபியாவும் சுற்றியுள்ள நான்கு மாவட்டங்களும். செப்டம்பரில் இறுதி வடிவம் வந்தபோது ஆறு தொழில்கள்: இரும்புக் கட்டமைப்பு, பிளம்பிங், நீராவிக் குழாய், தகட்டு வேலை, மின்சாரம், லிஃப்ட். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுவாரியாக ஒரு வரம்பு. இரும்பு வேலையில் 1970இல் 5 முதல் 9 சதவீதம். 1973க்குள் 22 முதல் 26 சதவீதம். அந்த வரம்புக்குள் தன் இலக்கைச் சொல்லாத காண்ட்ராக்டரின் டெண்டர் பரிசீலனைக்கே வராது.

எல்லோரும் எண்ணைத்தான் பேசினார்கள். என் பார்வையில் ஆணையின் உயிர் வேறொரு பத்தியில் இருந்தது. சங்கம் ஆள் அனுப்பவில்லை என்பதை காண்ட்ராக்டர் சாக்காகச் சொல்ல முடியாது என்றது அந்தப் பத்தி. அதுவரை காண்ட்ராக்டரும் சங்கமும் ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்துகொண்டிருந்தார்கள். இனி சங்கம் அனுப்பாவிட்டால் காண்ட்ராக்டர் வெளியில் போய்த் தேட வேண்டும், அல்லது சங்கத்தை நெருக்க வேண்டும்.

தமிழ் வாசகருக்கு உடனே இட ஒதுக்கீடு நினைவுக்கு வரும். இது அதுவல்ல. இங்கே இடம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. இலக்கை எட்டாத காண்ட்ராக்டர், மனமாரத் தேடினேன், இன்னின்ன இடங்களில் விசாரித்தேன் என்று காட்டினால் தண்டனை இல்லை. தகுதியில்லாதவரை எடு என்றோ வேலையில் இருப்பவரை நீக்கு என்றோ ஆணை சொல்லவில்லை. ஆனால் எதிர்த்தவர்கள் அதை ஒதுக்கீடு என்றே அழைத்தார்கள், இன்றும் அழைக்கிறார்கள்.

நிக்சன் ஏன் இதைச் செய்தார்? வியட்நாம் போர்க் காலத்தில் விலைவாசியும் கட்டடக் கூலியும் ஏறிக்கொண்டே இருந்தன. சங்கங்கள் ஆள் எண்ணிக்கையைக் குறுக்கி வைத்திருப்பதே காரணம் என்று அவர் அரசு நம்பியது; 1969 செப்டம்பரில் புதிய மத்திய அரசுக் கட்டுமானங்களை 75 சதவீதம் வெட்டவும் செய்தது. எதிர்க்கட்சியின் இரண்டு தூண்களான தொழிற்சங்கத்தையும் கறுப்பின இயக்கத்தையும் மோதவிடும் கணக்கும் இருந்தது. நிக்சனின் ஆலோசகர் எர்லிக்மன் பின்னாளில் தன் நூலில் இதை மறைக்காமல் எழுதினார். கறுப்பினத் தலைவர் பேயர்ட் ரஸ்டின் அப்போதே இதைப் பிரித்தாளும் வேலை என்று எச்சரித்தார். அவர் சொன்னது உண்மை. ஆனாலும் தவறான நோக்கத்தோடு திறந்த கதவு என்பதற்காக அதன் வழியே போகாதே என்று வேலையில்லாதவரிடம் சொல்ல எனக்கு மனம் வராது.

அந்த ஆகஸ்டில் சிகாகோவிலும் பிட்ஸ்பர்க்கிலும் கறுப்பினத்தவர் கட்டட வேலைகளை நிறுத்தினார்கள். செப்டம்பரில் ஃப்ளெச்சர் விசாரணை நடத்த சிகாகோ போனபோது வெள்ளையினத் தொழிலாளர் பெருங்கூட்டம் கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டது. தலைமைத் தணிக்கையாளர் ஸ்டாட்ஸ் மறுபடியும் திட்டம் சட்ட விரோதம் என்றார்; அட்டர்னி ஜெனரல் மிச்செல் இல்லை என்றார். டிசம்பரில் திட்டத்தை முடக்கும் விதியை செனட் நிறைவேற்றியது. நிக்சன் விடாப்பிடியாக நின்றார். டிசம்பர் 22 அன்று பிரதிநிதிகள் சபை 208க்கு 156 என்ற கணக்கில் அந்த விதியைத் தள்ளியது. கிழக்குப் பென்சில்வேனியா காண்ட்ராக்டர்கள் சங்கம் வழக்குப் போட்டது. கட்டடத்தை வாங்குகிறவர் என்ற முறையில், தொழிலாளர் கூட்டம் விரிந்திருக்க வேண்டும் என்று கேட்க அரசுக்கு உரிமை உண்டு என்று 1971 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது.

அதற்குள் சதவீதம் கட்டட வேலையைத் தாண்டிவிட்டது. 1970இலேயே தொழிலாளர் துறையின் 4ஆம் எண் ஆணை, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் மத்திய அரசு ஒப்பந்தக்காரர்களை இலக்கு எழுதச் சொன்னது. 1971 இறுதியில் பெண்களும் கணக்கில் வந்தார்கள். கட்டுமானத்தில் பெண்களுக்கான இலக்கு 1978இல் வகுக்கப்பட்டு 6.9 சதவீதம் வரை போனது. பல பத்தாண்டுகள் அந்த எண்ணை யாரும் தொடவில்லை. நாடு முழுவதற்குமாகப் பார்த்தால் கட்டடக் கைத்தொழில்களில் பெண்கள் அந்த அளவை எட்டவும் இல்லை.

பிறந்த இடத்தில் திட்டம் சீக்கிரமே மெலிந்தது. 1970 மே 8 அன்று நியூயார்க்கில் தலைக்கவசம் அணிந்த கட்டடத் தொழிலாளர்கள் போர் எதிர்ப்பு மாணவர்களை அடித்தார்கள். போரை ஆதரிக்கும் தொழிலாளர் வாக்கு தனக்கு வரும் என்று நிக்சன் கண்டுகொண்டார். அந்த மாத இறுதியில் வெள்ளை மாளிகைக்கு வந்த நியூயார்க் கட்டடத் தொழிலாளர் தலைவர் பீட்டர் பிரென்னன் 1973இல் தொழிலாளர் துறைச் செயலரே ஆனார். ஊர் ஊராகக் காண்ட்ராக்டர்களும் சங்கங்களும் தாமாகவே திட்டம் வகுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். வேலைக்களத்தில் ஒரு பழக்கம் பரவியது: ஆய்வாளர் வரும் நாளில் கறுப்பினத் தொழிலாளியை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வண்டியில் ஏற்றி அனுப்பி எண்ணிக்கை காட்டுவார்கள். ஒரே ஆள் மூன்று கட்டடத்தில் கணக்கு. பிறகு சங்கங்களே சுருங்கின. 1973இல் கட்டுமானத் தொழிலாளரில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் சங்கத்தில் இருந்தார்கள்; இன்று பத்து சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. கறுப்பினத்தவருக்குக் கதவு திறக்கத் தொடங்கிய காலத்தில் வீடே சிறுத்துப்போனது எனக்கு ஆறாத வருத்தம்.

2025 ஜனவரி 21 அன்று அதிபர் டிரம்ப், இந்தத் திட்டத்துக்கு அடிப்படையாக இருந்த ஜான்சனின் 11246ஆம் எண் ஆணையை ரத்து செய்தார். பாகுபாட்டுக்கு எதிராக 1964 சட்டம் இருக்கிறதே, பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடட்டும் என்று ரத்தை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். வழக்கின் வழி எப்படிப்பட்டது என்பதற்கு நியூயார்க்கின் தகட்டுத் தொழிலாளர் சங்கம் 28ஆம் எண் கிளை சான்று. அங்கே கறுப்பின உறுப்பினர் ஒருவர்கூட இருந்ததில்லை என்று மாநில ஆணையம் 1964இல் கண்டறிந்தது. மத்திய அரசு 1971இல் வழக்குத் தொடுத்தது. 1975இல் நீதிமன்றம் 29 சதவீத இலக்கு விதித்தது. 1982இல் அவமதிப்புக்காக ஒன்றரை லட்சம் டாலர் அபராதம். 1986இல் உச்ச நீதிமன்றம் இலக்கை உறுதி செய்தது. உள்ளே வந்த பிறகும் கறுப்பின, ஹிஸ்பானிய உறுப்பினர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த மணி நேர வேலையே கிடைத்துவந்தது. இழந்த அந்தக் கூலிக்கு ஈடாக ஏறக்குறைய ஒரு கோடியே இருபத்தேழு லட்சம் டாலர் தர சங்கம் ஒப்புக்கொண்டது 2015இல்தான்.